பின் சக்கரத்துக்குப் பிரேக் இல்லாத ஆறு வருஷம்

அன்புள்ள ஏனுங்க,

இருபத்தாறு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் எதற்குப் புதிதாக ஒன்று? நீங்கள் கண்ணை மூடிப் பதினோரு மாதம் ஆகிறது. அழுது தீர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் மூன்று நாளாக உங்கள் காருக்கு அடியில் கிடந்ததில் மிச்சமிருந்த அழுகையும் நின்றுபோய், இப்போது வாயைத் திறந்தால் ‘சீ’ என்றுதான் வருகிறது.

முதலில் நல்ல சேதி. நம் நித்யாவுக்கு அகளியில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது. அங்கேயே அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை போவாள். உங்கள் வெள்ளைக் காரில்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மண்ணார்க்காடு தாண்டினால் எப்படிப்பட்ட மலைப்பாதை, எத்தனை கொண்டை ஊசி வளைவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டியைத் துடைத்துக் கிளப்பியபோது பிரேக் மிதி தரைவரை அமுங்கியது. பின் சக்கரத்துக்குக் கீழே எண்ணெய் மாதிரி ஈரம். பட்டறைக்காரரை வீட்டுக்கே வரச் சொன்னேன். அவர் குனிந்து பார்த்த உடனே மூக்கைப் பொத்திக்கொண்டார். அடியில் ஓர் எலிக்கூடு, அதில் செத்துக் காய்ந்த குட்டிகள், மேலே பாளம் பாளமாகத் துரு. கை வைத்தால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

அந்தத் துரு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியுமுங்க. தென்னைக்குப் போட உப்பு மூட்டைகளைப் பின் சீட்டுக்குக் கீழே திணித்துக்கொண்டு வருவீர்களே, அதேதான். டெம்போ பிடியுங்கள் என்று எத்தனை தடவை கெஞ்சினேன்? “வண்டி எதுக்கு இருக்குது புள்ள? போச்சாது, உடு” என்பீர்கள். பரவாயில்லை என்பதற்கு நம் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது, அதை வைத்தே முழு வாழ்க்கையையும் ஓட்டிவிட்டீர்கள். மழைக்காலத்தில் கசிந்த உப்புத் தண்ணீர் தரை ஓட்டை வழியாக இறங்கி, பிரேக் குழாயைத் தின்றிருக்கிறது.

வலது பக்கக் குழாய்தான் இப்போது ஒழுகியது. பட்டறைக்காரர் டார்ச்சை இடது பக்கம் திருப்பினார். “இங்க முன்னாலயே ஒரு வேல நடந்திருக்குதுங்கக்கா” என்றார். குழாயை இரண்டாக மடக்கி, தட்டி நசுக்கி, அடைத்து, அதன் மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. அந்தச் சக்கரத்துக்குப் பிரேக்கே போகவில்லை.

அதற்கு அவர் சொன்ன வைத்தியத்தையும் கேளுங்கள். “இத்தன வருசம் ஓடுச்சில்லீங்க? அந்தப் பக்கத்தையும் இதே மாதிரி அடச்சுட்டா ரண்டும் சமமாப் போயிருமுங்க. முன்னாடி ரண்டும் பிடிக்குதில்ல, அது போதும்.”

“மலைக்குப் போற புள்ளைங்க அவ” என்றேன்.

“அண்ணன் போகாத மலையாங்க?” என்று சிரித்தார். என்ன ஜன்மமோ! காபியைக் கூடக் குடித்து முடிக்க விடாமல் அனுப்பிவிட்டேன். அந்த டம்ளரை இரண்டு தரம் தேய்த்துக் கழுவினேன்.

இந்த வேலையை இன்னொரு ஆளை நம்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. நாமே செய்வோம் என்றேன். நித்யா முழித்தாள். உங்களுக்கு இருபது வருஷம் டார்ச் பிடித்தவள் நான். ஒரு ஸ்பேனரைத் தொடவிட்டதில்லை நீங்கள், ஆனால் எந்த நட்டுக்கு எந்த ஸ்பேனர் என்று எனக்கு மனப்பாடம். உக்கடத்து உதிரிபாகக் கடைக்குப் போய், இரண்டு முனையிலும் நட்டோடு வரும் புதுக் குழாய்கள் வாங்கி வந்தோம். ஜாக்கை மட்டும் நம்பாமல், கழற்றிய சக்கரங்களையும் புளியங்கட்டைகளையும் முட்டுக் கொடுத்தோம். அதுவும் நீங்கள் செய்யாததுதான்.

துருப்பிடித்த நட்டு அசையவே இல்லை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, மறுநாள்தான் கழன்றது. பழைய குழாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே வளைவுக்குப் புதுசை ஊறுகாய் ஜாடியைச் சுற்றி வைத்து மெதுவாக வளைத்தோம். தலையெல்லாம் துரு, நகத்துக்குள் கருப்பு மசி. மூன்று தரம் குளித்தும் சோற்றில் அந்த வாடை வந்தது.

இடது குழாயைக் கழற்றி வெளியே எடுத்த நித்யா, அந்த மடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எந்தக் கிறுக்கன்மா இப்படிப் பண்ணினது? அப்பா பார்த்திருந்தா அவன் கையை ஒடிச்சிருப்பாரு” என்றாள்.

உங்களைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம் என்றுதான் முதலில் வாயை மூடிக்கொண்டேன். அப்புறம் அந்தக் குழாயைப் பார்த்தேன். கல்லால் தட்டிய தழும்பு பெயிண்டுக்கு அடியிலும் தெரிந்தது.

நீங்கள் போவதற்கு ஆறு வருஷம் முன்னால், நெல்லியாம்பதியிலிருந்து இறங்கும்போது மழையில் வண்டியை ஓரம் கட்டினீர்களே, நினைவிருக்கிறதா? குழாய் வெடித்துவிட்டது என்றீர்கள். அடியில் புகுந்து, மடக்கி, ரோட்டோரக் கல்லால் தட்டினீர்கள். ஒரு கையில் குடையும் ஒரு கையில் டார்ச்சுமாக நான் குந்தியிருந்தேன். “வெளிச்சத்த இங்க காட்டு புள்ள” என்றீர்கள், காட்டினேன். “வீடு போய்ச் சேர இது போதும். நாளைக்கு மாத்திக்கலாம்” என்றீர்கள்.

அந்த நாளை வரவே இல்லை. பெயிண்ட் வாங்க மட்டும் உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. நானாவது மறுநாள் கேட்டேனா? அதற்கு மறுநாள்? ஆறு வருஷத்தில் ஒரு தடவை? உங்கள் மேல் வந்த அருவருப்பு பாதி வழியில் திரும்பி என் மேலேயே விழுந்தது. நித்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், டார்ச் உட்பட.

குழாயைத் தரையில் வைத்தாள். “அன்னிக்கு நான் எங்கம்மா இருந்தேன்?” என்று கேட்டாள்.

“பின் சீட்டுல தூங்கிட்டிருந்தே கண்ணு.”

அவள் மறுபடியும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டு ஸ்பேனருக்குக் கை நீட்டினாள்.

கடைசியாக, குழாய்க்குள் நின்ற காற்றை வெளியேற்ற வேண்டும். நான் டிரைவர் சீட்டில். அடியிலிருந்து அவள் குரல். “மிதிங்கம்மா… புடிச்சுக்கோங்க… விடுங்க.” முதலில் மிதி கொழகொழவென்று உள்ளே போனது. நாற்பது, ஐம்பது தரம் மிதித்த பிறகு கல் மாதிரி காலை எதிர்த்து நின்றது. நல்ல பிரேக் எப்படி இருக்கும் என்று என் கால் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. அப்படியென்றால் பிரேக் சரியில்லை என்று உங்கள் காலுக்கு ஆறு வருஷமும் தெரிந்தே இருந்திருக்கும், இல்லையா? எங்களை ஏற்றிக்கொண்டு, பாட்டும் பாடிக்கொண்டு, எப்படிங்க உங்களால் முடிந்தது?

ஒவ்வொரு இணைப்பையும் துணியால் துடைத்து, கசிவு இல்லை என்று பார்த்தோம். ஆளில்லாத கால்வாய் ரோட்டில் இருபது தடவை பிரேக் அடித்துப் பார்த்தாள். இன்று திங்கட்கிழமை. விடிந்ததும் கிளம்பிப் போனாள். நான் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கூப்பிட்டாள். “வந்து சேர்ந்துட்டேனுங்கம்மா. பிரேக் நல்லாப் பிடிக்குது. பின்னாடி மட்டும் கிறீச்சுனு ஒரு சின்னச் சத்தம். போச்சாது, சனிக்கிழமை வந்து பாத்துக்கலாம்.”

அசல் உங்கள் குரல்.

“வண்டிய எடுக்காதே” என்று கத்தினேன். பள்ளிக்கூடத்து வாசலிலேயே நிற்கட்டும், நான் வந்து பார்க்கும்வரை சாவியைத் தொடக்கூடாது என்று உங்கள் மேல் சத்தியம் வாங்கினேன். இப்போது நம் ஊர் சித்தூர் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துதான் இதை முடிக்கிறேன். பையில் ஸ்பேனர் இருக்கிறது, டார்ச்சும் இருக்கிறது.

பாலக்காட்டு பஸ் வந்துவிட்டது. ஒரே ஒரு வாக்குத் தருகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். இனி யாருக்கு டார்ச் பிடித்தாலும், மறுநாள் காலையில் ‘மாத்தியாச்சா?’ என்று கேட்பேன். மாற்றும்வரை கேட்டுக்கொண்டே இருப்பேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு வெளிச்சம் காட்டிய
உங்கள் வீட்டுக்காரி, சரசு