பக்தவச்சலத்துக்காக ஒரு ஜெபம்

இராயபுரம்,
12 ஆகஸ்டு 1953

அன்புள்ள செல்லக்கனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகமாயிருக்கிறேன். நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்கு இருமல் குறைந்ததா?

நான் ஒரு ஞாயிறும் தவறாமல் கோயிலுக்குப் போவதைக் குருவானவரிடம் பெருமையாகச் சொன்னதாக எழுதியிருந்தாய். போவது உண்மைதான். ஆனால் ஜெப வேளையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு மதியச் சாப்பாட்டை நினைத்திருப்பேன். வெகுநாளாக அப்படித்தான்.

போன மாதம் துறைமுகத்தில் ஒரு சின்ன விபத்து. பயப்படாதே, எனக்குக் கீறல்கூட இல்லை. கோதுமை மூட்டை அடுக்குச் சரிந்தபோது, கூட வேலை செய்யும் பக்தவச்சலம் என்னைத் தள்ளிவிட்டார். மூட்டைகள் அவர் காலில் விழுந்தன. என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீ கோயிலுக்குப் போய்க்கினு கீற ஆளு. எனக்காவ உன் சாமியாண்ட ஒரு வார்த்த சொல்லேன்" என்றார்.

மனப்பாடமான ஜெபங்கள் எத்தனையோ வாய்வரை வந்தன. எதிலும் அவர் பெயர் இல்லை. வெட்கத்தில் அழுதுவிட்டேன். "ஆண்டவரே, நான் உம்மை மறந்திருந்தேன். இவர் காலைக் காப்பாற்றும்" என்று மட்டும் சொன்னேன்.

"இன்னாண்ணே, அவ்ளோதானா?" என்று அந்த வலியிலும் சிரித்தார்.

எலும்பு முறிந்ததோடு போயிற்று, கால் தப்பியது. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து வியாசர்பாடிக்குப் போய் அவர் வீட்டுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுக்கிறேன். இப்போது கண்ணை மூடினால் கேட்பதற்கு நிறைய இருக்கிறது.

பெட்டியின் அடியில் என் வேதாகமம் கிடக்கும். யாராவது ரயிலில் வந்தால், கொஞ்சம் கருப்பட்டியோடு கொடுத்தனுப்பு. சாயங்கால ஜெபத்தில் பிள்ளைகள் என் பெயரைச் சொல்கிறார்களா? மறக்காமல் எழுது.

வேலைக்குச் சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன்,
தேவாசீர்வாதம்