வண்டு வருவதற்கு முன்னால்

காஹாங், ஜொகூர்
அக்டோபர் 2

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். முட்டிவலி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அந்தக் குளிரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத்தலையோடு வெளியே போகாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று சிரிப்பாய். போனில் கூப்பிட்டால் நாலு நிமிஷத்தில் "சரிம்மா, வேல இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, பார். இந்தத் தீபாவளிக்கும் வரவில்லை என்று சொல்லிவிட்டாய். இதோடு மூன்று தீபாவளி. டிக்கெட் விலை ஏறிவிட்டதாம். நான் ஆறாம் வகுப்புதான். ஆனாலும் காரணம் டிக்கெட் இல்லை என்று தெரியாத அளவுக்கு மண்டு இல்லை.

கோயிலில் நடந்ததுதான் காரணம். நாம் இரண்டு பேரும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. இன்றைக்கு நான் திறக்கிறேன்.

தேவார வகுப்புப் பிள்ளைகளிடம் பேச உன்னை இழுத்துக்கொண்டு போனவள் நான்தான். என் மகள் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தின் பூவில் வாழும் வண்டை ஆராய்ச்சி செய்கிறாள் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேனே! நீயும் அழகாகத்தான் பேசினாய். பூவும் வண்டும் ஒரே நாளில் இப்படி வந்துவிடவில்லை, கோடிக்கணக்கான வருஷங்களில் கொஞ்சம் கொஞ்சமாக மாறி ஒன்றுக்கொன்று பொருந்தின, மனிதர்களும் அப்படி மாறி வந்தவர்கள்தான் என்றாய். உடனே கோயில் தலைவர் சபாபதி எழுந்து, அப்படியென்றால் முருகன் எதற்கு, இந்தக் கோயில் எதற்கு என்று கேட்டார். நீ பதில் சொல்வதற்குள் நான் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டேன்.

"வெளிநாட்டுப் படிப்பு, தலைக்கேறிடுச்சுங்க. என் மகளுக்காக நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்" என்றேன்.

அத்தனை பிள்ளைகள் முன்னால். உன் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் பேசாமல் உட்கார்ந்தேன்.

பயம்தான் லோஷினி, வேறென்ன? உன் அப்பா செத்தபோது பந்தல் போட்டதும், மூன்று நாள் சோறாக்கிப் போட்டதும் அந்தக் கோயில் ஆட்கள்தான். நாளைக்கு எனக்கும் அவர்கள்தான். நீ விமானம் ஏறிவிடுவாய், நான் இவர்களோடுதானே இருக்க வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டேன். கேவலமான கணக்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால், நீ பேசியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பதினாறு வயதிலிருந்து நாலு வருஷம் செம்பனைத் தோட்டத்தில் அந்த வண்டின் வேலையைச் செய்தவள் நான். ஆண் பூவின் தூளைப் பவுடரில் கலந்து, பெண் பூவைத் தேடித் தேடிக் குழாயால் ஊதுவோம். மட்டை முள் கையைக் கிழிக்கும். குளித்தாலும் அந்தப் பூவின் சோம்பு வாசம் போகாது. எண்பத்தொன்றில் ஆப்பிரிக்காவிலிருந்து வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், எங்களைப் புல் வெட்டப் போகச் சொல்லிவிட்டார்கள். அந்தக் காலத்தில் மரத்தை மட்டும் கப்பலேற்றி வண்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாங்கள் இருபது பெண்கள் ஊதியும் எத்தனையோ பூ தப்பிப்போகும். அரிசி மணி அளவு வண்டு, அது தப்பவிடாது. இந்தப் பொருத்தம் எங்கிருந்து வந்தது என்று அப்போதே யோசித்திருக்கிறேன். கோடி வருஷம் ஆனது என்கிறாய். நம்புகிறேன். அந்தக் கோடி வருஷமும் ஒருவன் அவசரப்படாமல் கூடவே இருந்தான் என்றும் நம்புகிறேன். எனக்குள் இந்த இரண்டும் சண்டை போடவில்லை. உனக்கு இரண்டாவது வேண்டாமென்றால் விடு. அதற்காக நீ என் வயிற்றில் பிறக்காமல் போய்விடுவாயா?

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் எல்லாரும் இருக்கும்போதே எழுந்து நின்றேன். "மூணு வருசத்துக்கு முன்னால இங்கதான் என் மகளுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவ தப்பா ஒண்ணும் பேசல. அந்த மன்னிப்ப நான் திரும்ப எடுத்துக்கிறேன்" என்றேன். கேட்ட மன்னிப்பைத் திரும்ப எடுக்க முடியாதும்மா என்றார் சபாபதி. எடுத்தாகிவிட்டது, இனி நீங்கள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பூக்கட்டும் பெண்கள் பட்டியலில் என் பெயரை எடுத்துவிட்டார்கள். எடுக்கட்டும். நான் வழக்கம்போலப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறேன். முருகன் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

உன் அறைக் கட்டிலுக்கு வாராவாரம் விரிப்பு மாற்றுகிறேன். யாரும் படுக்காத மெத்தைக்கு எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. உன் குரல் நாலு நிமிஷம் போதவில்லை, மகளே.

ஊராரிடம் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். உன்னிடம் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன், போனிலும் சொல்ல மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்பேன். நீ செனாய் விமான நிலையத்தில் இறங்கினால் போதும், இந்த முட்டியை வைத்துக்கொண்டு நானே பஸ் பிடித்து வந்து நிற்கிறேன்.

நீ எங்கே இருந்தாலும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாக இருக்க வேண்டும். என்மேல் உள்ள கோபத்தை விடச் சொல்லவில்லை. வந்து கோபப்படு.

உன் அம்மா,
ராஜம்மா