அபஸ்வரம் இல்லாத பிரதி

பாரிஸ்,
மார்ச் 1925

அன்புத் தங்கை எர்மினுக்கு,

அக்கா மத்தில்து எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடல் காற்றில் என் நினேத்தின் இருமல் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டு அழுதேன். இந்த ஈரச் சுவர்களுக்கு நடுவே அவளை வைத்திருக்காமல் உன்னிடம் அனுப்பியது எவ்வளவு நல்லதாகப் போயிற்று.

இங்கே உன் அத்தான் அஷீலின் நண்பர்கள் ஞாயிறுதோறும் வந்து, என் வெங்காய சூப்பைக் காலி செய்துவிட்டு, சங்கீதத்தில் கண்ணீர் கூடாது என்று பிரசங்கம் செய்வார்கள். போர் முடிந்ததிலிருந்து இதே பேச்சுதான். அழுது வழிந்ததெல்லாம் போதுமாம். இருநூறு வருஷத்துக்கு முந்தைய நடன இசை மாதிரி சுத்தமாக, கணக்காக இருக்க வேண்டுமாம். அதற்காக யாராவது ஒரு பழைய ஆளின் மெட்டை எடுத்து, அப்படியே வைத்துக்கொண்டு, நடுநடுவே வேண்டுமென்றே அபஸ்வரம் சேர்ப்பார்கள், சூப்பில் மிளகு தூவுவது போல. அதுதான் அவர்களுடைய புதுமை. நானும் ரசித்தேன், பொய் சொல்லக் கூடாது.

அஷீல் இந்த முறை எடுத்தது லம்பேர் என்பவரின் நடன இசைத் தொகுப்பு. ஏதோ சின்ன ஊர் மாதா கோயிலில் ஆர்கன் வாசித்த மனிதர். கடைசி நடனத்தை அவர் எழுதவே இல்லை. அதை வாசிக்க வேண்டிய அவருடைய சின்ன மகள் இஸபோவை, நெஞ்சுச் சளியோடு வாத்தியத்தின் முன்னால் உட்கார வைத்துப் பழக்கியிருக்கிறார். அங்கேயே குழந்தையின் உயிர் போய்விட்டதாம். அந்த நண்பர்களில் பஸ்தியான் என்பவர் பாலாடைக்கட்டியை மென்றுகொண்டே, "செத்தவன்கிட்ட எடுக்கறதுதான்யா வசதி. நம்மள வந்து கேக்கவா போறான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அஷீல் எழுதுவதைப் படியெடுத்துக் கொடுப்பது என் வேலை என்று உனக்குத் தெரியும். முதல் நடனத்தை எழுதிக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "என்ன மத்தில்து, மிளகையெல்லாம் பொறுக்கி எறிஞ்சுட்டியா?" என்றார். வாங்கிப் பார்த்தால், அவர் சேர்த்த அபஸ்வரம் ஒன்றுகூட என் பிரதியில் இல்லை. எல்லாம் லம்பேர் எழுதிய பழைய ஸ்வரங்கள். ஏதோ கவனக்குறைவு என்று மறுபடி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்து எழுதினேன். மறுபடியும் அதே. கை தானாகத் திருத்துகிறது, எர்மின். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது என் பேச்சைக் கேட்பதில்லை.

கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. அபஸ்வரம் சேர்ப்பதையே நிறுத்திவிட்டார். அவர் வாசித்துக் காட்டிய ஞாயிறன்று பஸ்தியான் சூப்பைத் தொடவே இல்லை. "இதுல நீ எங்கய்யா இருக்க?" என்று மட்டும் கேட்டார். அஷீல் சிரித்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவள், அந்தச் சிரிப்பை நான் பார்த்ததில்லை. அதற்கப்புறம் நண்பர்கள் யாரும் வருவதில்லை.

இந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் வெறும் தாளில் ஸ்வரம் எழுதக் கோடு போட உட்கார்ந்தேன். பார்த்து எழுத முன்னால் எதுவுமே இல்லை. கை எழுத ஆரம்பித்தது. கடைசி நடனத்தை முழுக்க எழுதி முடித்துவிட்டு, மேலே 'இஸபோ வாசிக்க' என்று என் கையெழுத்திலேயே எழுதிற்று. அஷீல் அதை வாசித்துப் பார்த்துக் கண் கலங்கினார். சங்கீதத்தில் கண்ணீர் கூடாது என்ற மனிதர். பிறகு, "குழந்தைய வரச்சொல்லு. அவ விரலுக்குத்தான் இது படியும்" என்றார். எந்தக் குழந்தை என்று கேட்டேன். "என்ன கேள்வி இது? நம்ம இஸபோதான்" என்றார். "அவ பேரு நினேத்துங்க. இருமல் இன்னும் முழுசா விடல" என்றேன். "வாசிச்சா சரியாயிடும்" என்றார், ரொம்ப அன்பாக.

அவர் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த நடனம் அவ்வளவு அழகு. என் பெண் அதை வாசிக்க நான் கேட்க வேண்டும் என்று எனக்கும் ஆசை வருகிறது. பாத்திரம் தேய்க்கும்போது வருகிறது. நேற்று அவள் கட்டிலுக்கு விரிப்புகூட மாற்றிவிட்டேன். அந்த ஆசை என்னுடையதா என்று தெரியவில்லை.

கிளம்பி இங்கே வந்துவிடு என்பாய். என்னோடு என் கையும் வருமே.

இதை இடது கையால் எழுதுகிறேன், அதனால்தான் இந்தக் கோணல்மாணல். இனி என்னிடமிருந்து அழகான கையெழுத்தில் கடிதம் வந்து, குழந்தையை அனுப்பு என்று சொன்னால், அடுப்பில் போடு. அஷீல் தந்தி கொடுத்தால் பதில் போடாதே. நினேத்தைப் பியானோ பக்கம் விடாதே. மாப்பிள்ளையோடு படகில் அனுப்பு, மீன் பிடிக்கட்டும், வெயிலில் கறுக்கட்டும். என்னைக் கேட்டு அழுதால் உன் மடியில் போட்டுக்கொள்.

நானே வந்து உன் வாசலில் நின்று, என் மகளைக் கொடு என்று கதறினாலும் கதவைத் திறக்காதே. அந்த அழுகை நிஜமாகத்தான் இருக்கும். அப்போதும் திறக்காதே, என் கண்ணே. மாதா உங்கள் மூன்று பேரையும் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா, நினேத்தின் அம்மா,
மத்தில்து