மேலச்சித்தேரி நாரைகளுக்குக் கொஞ்சம் இருட்டு வேண்டி

அனுப்புநர்
க. மலர்கொடி, க/பெ. கலையரசன்,
ஏரிக்கரைத் தெரு, மேலச்சித்தேரி,
மீன்சுருட்டி வழி, அரியலூர் மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
அரியலூர்.

பொருள்: ஏரிக்கரை உயர்கோபுர விளக்கால் நாரைகள் முட்டையை விட்டு எழுந்துவிடுவது – இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைக்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 10.03.2025 (விளக்கு கேட்டது).
2. எனது மனு, நாள் 08.12.2025 (அணைக்கக் கேட்டது).

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம்.

1. முதல் மனுவைக் கொடுத்தவளும் நானே. டியூஷன் முடிந்து வந்த என் மகள் இலக்கியாவை ஏரிக்கரையில் பாம்பு கடித்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். அதன்பிறகே விளக்கு கேட்டேன். அக்டோபரில் விளக்கு எரிந்த அன்று தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

2. எங்கள் ஏரியின் கருவேல மரங்களில் ஆண்டுதோறும் மழை தொடங்கியதும் நத்தைகுத்தி நாரைகள் வந்து கூடு கட்டும். அவற்றுக்காகத் தீபாவளிக்கு வெடி வாங்காத ஊர் இது. சத்தத்தை நினைத்தோமே தவிர வெளிச்சத்தை யாரும் நினைக்கவில்லை. நானும்தான்.

3. விளக்குக்கு எதிரே இலக்கியா எண்ணியது அறுபத்திரண்டு கூடுகள். இன்று பறவை அமர்ந்திருப்பது ஒன்பதில். மற்ற முட்டைகளைக் காக்கை கொத்திவிட்டது. கால்நடை மருத்துவரிடம் கேட்டேன். இருட்டே கிடைக்காத பறவையின் உடம்பில் பதற்றத்துக்கான ஹார்மோன் கூடலாம் என்றும், அது கூடினால் அடைகாக்க வைக்கும் ஹார்மோன் குறைந்து, இட்ட முட்டையை விட்டே எழுந்துவிடக்கூடும் என்றும் சொன்னார்.

4. இதைச் சொல்லப் போன அலுவலகத்தில், பண்ணையில் பல்பு போட்டால்தானே கோழி முட்டையிடுகிறது என்று சிரித்தார்கள். பண்ணை முட்டை கடைக்குப் போகிறது, அதன்மேல் எந்தக் கோழியும் உட்காருவதில்லை. இந்தப் பதில் எனக்கு வீடு வந்த பிறகே தோன்றியது.

5. இரண்டாவது மனுவைப் பழைய மனுவோடு சேர்த்துவிட்டார்கள் போலும். 'மனுதாரர் கோரியபடி கூடுதல் விளக்கு அமைத்து மனு முடிவு செய்யப்பட்டது' என்று பதில் வந்தது. சொன்னபடியே சென்ற வாரம் இரண்டாவது விளக்கும் வந்துவிட்டது.

6. எதிர்வீட்டு செங்கமலம் அக்கா, "கேட்டதும் நீதான், அணைக்கச் சொல்றதும் நீதான், ஒனக்கு என்னதான்டி வேணும்" என்கிறார். அதிலும் நியாயம் உண்டு. பாம்பு இருப்பதும் உண்மை. இலக்கியா இப்போது கூடு எண்ணப் போவதில்லை. ஏன் என்று கேட்டால், நீ கேட்ட லைட்டுதானே அம்மா என்று மட்டும் சொல்கிறாள். எனக்கு வேறு யாரிடம் போவதென்று தெரியவில்லை.

ஆகவே, விளக்குகளைக் கழற்ற வேண்டாம். குஞ்சுகள் பறக்கும் பங்குனி வரையிலாவது, ஊர் அடங்கும் பத்து மணி முதல் விடியும்வரை அணைத்துவைக்க ஆணையிட வேண்டுகிறேன். அது முடியாதென்றால், இம்மனுவையும் பழையவற்றோடு சேர்த்து மூன்றாவது விளக்கு போட்டுவிடாமலாவது இருக்கும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேலச்சித்தேரி
நாள்: 19.01.2026

இப்படிக்கு,
முன்பு விளக்கு கேட்ட,
க. மலர்கொடி

பி.கு.: இம்மனு சனிக்கிழமை எழுதியது. பத்தி 3-இல் ஒன்பது என்பதை எட்டு என்று திருத்தி வாசிக்கவும். இன்று காலை நானே போய் எண்ணினேன்.