ஒடுக்கு இல்லாத இறக்கை

ஏப்ரல் 9, காலை 6.20. லடாக்கின் மேல், மேகத்துக்குள்.
ஜெசிந்தா, உலோகப் பரிசோதகர். விமானத்தில் நான் ஒருத்திதான். ஓட்டுவது தரையிலிருந்து. ஒரு வாரம் இறங்காமல் பறக்கும் சோதனை. ஆலங்கட்டி விழுந்தால் இறக்கைத் தகடு என்ன ஆகிறது என்று பார்ப்பது என் வேலை. புது உலோகம், எடையே இல்லை. சூடு பட்டால் ஒடுக்கு தானாக நிமிர்ந்துவிடும். நேற்று எலுமிச்சை அளவுக் கட்டிகள் விழுந்தன. ஹீட்டர் ஓடியது, விடிவதற்குள் இறக்கை வழவழவென்று ஆகிவிட்டது. தேநீர் ஆறிப்போனதைத் தவிரக் குறையில்லை.

ஏப்ரல் 10, பகல் 2.05.
குறை இருக்கிறது. இறக்கைக்குள் தவழ்ந்து போய் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தேன். ஒடுக்கு நிமிர்ந்த இடத்தில் எல்லாம் அடியில் மயிரிழை விரிசல். உடனே விமானத்தை இறக்கச் சொன்னேன். தரையிலிருந்து திட்ட இயக்குநர் மணவாளனின் பதில்:
"போட்டோ பார்த்தேன் மேடம். ஒரு ஒடுக்குகூட இல்லையே! குளிர்ல கருவி தப்பாக் காட்டும். அடுத்த மாசம் இதே தகட்டுல பயணிகள் விமானம் கிளம்புது. இப்பப் போய் விரிசல் அது இதுன்னு கிளப்பாதீங்க."
ஒடுக்கை எண்ணித்தான் இவர்கள் சேதம் சொல்வார்கள். ஒடுக்கு இல்லை, ஆகவே சேதம் இல்லை. படித்தவர்கள்.

ஏப்ரல் 11, காலை 9.40.
மறுபடியும் கட்டிகள். இடது இறக்கையில் விரிசல் என் கை நீளம். ஹீட்டரை அணைத்தேன். இறக்கைக்கும் நான் இருக்கும் அறைக்கும் சேர்த்து இருப்பது அந்த ஒரு ஹீட்டர்தான். ஒடுக்குகள் அம்மைத் தழும்பு மாதிரி அப்படியே நின்றன. போட்டோ எடுத்து அனுப்பினேன்.
"ஐயோ, ஹீட்டரை ஏன் மேடம் அணைச்சீங்க? போடுங்க, எல்லாம் தானா சரியாயிடும்."
சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

ஏப்ரல் 11, பகல் 11.15.
ஹீட்டரைப் போடவில்லை. இறக்கை எப்படியும் போகப்போகிறது. விழுந்த பிறகு சூடு பட்டு ஒடுக்கு நிமிர்ந்துவிட்டால், தகடு நன்றாகத்தான் இருந்தது, இவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்பார்கள். சொல்லக்கூடியவர்கள்தான். மணவாளன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். எடுக்கவில்லை.

பகல். மணி தெரியவில்லை.
விரல் மடங்கவில்லை. இடது இறக்கை தகரக் கூரை மாதிரி படபடக்கிறது. கீழே பனிமலை. நல்லது, குளிர் ஒடுக்கைக் காப்பாற்றும். கண்டெடுக்கிறவர்களே, என்னைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் இறக்கைத் துண்டை எடுங்கள். ஒடுக்கை எண்ணுங்கள். அதற்கு அடியில் அறுத்துப் பாருங்கள். அதுவரை நிழலிலேயே வையுங்கள். அவர்கள் கேட்டாலும் வெயிலில் வைக்காதீர்கள். வெயிலில் மட்டும்