இரண்டு மணி வகுப்பு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் சௌக்கியமாக இருக்க வேண்டும். அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாய், காதை மூடாமல் குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போகாதே. நான் மாட்டு டாக்டர்தான், ஆனாலும் காது வலி எந்தக் குட்டிக்கும் ஒன்றுதான். இங்கே ஆஸ்பத்திரி வழக்கம்போல நடக்கிறது. சின்ன டாக்டர் முன்னைவிட நன்றாகத் தையல் போடுகிறாள், ஆனால் பூனை சீறினால் இன்னும் இரண்டடி பின்னால் போகிறாள். பின்பக்க அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று, கூண்டுகளைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டதில் கம்ப்யூட்டர் மேஜைக்கு நல்ல வெளிச்சம் வருகிறது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். வேறு ஒரு விஷயம் இருக்கிறது, அதைப் போனில் சொன்னால் நீ பாதியில் குறுக்கே விழுந்து பேசுவாய், அதனால் கடிதம். உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

எனக்கும் அப்பாவுக்கும் வாய்த்த இந்தத் தொழிலில் பட்டம் வாங்கினால் மட்டும் போதாது என்பது உனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, நாற்பது மணி நேரம் புதிதாகப் படித்திருக்கிறேன் என்று காட்ட வேண்டும். முன்பெல்லாம் பெட்டி கட்டிக்கொண்டு கருத்தரங்குக்குப் போவோம், இப்போது எல்லாம் இணையத்தில். பாடம் வீடியோவாக ஓடும். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தானே நின்று, ‘இருக்கிறீர்களா?’ என்று ஒரு கட்டம் கேட்கும். ‘இருக்கிறேன்’ என்று அமுக்கினால்தான் மேலே ஓடும். முடிவில் இருபத்தைந்து கேள்விகள். அப்பா போனதிலிருந்து எனக்கு அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனசு வரவில்லை. எட்டு மாதத்தில் ஒரு பாடம்கூடப் பார்க்கவில்லை, அதற்கு முன்னால் பார்த்தது ஒன்பது மணி நேரம்தான். இந்த மாதக் கடைசிக்குள் நாற்பதையும் காட்டாவிட்டால் என் பதிவு போய்விடும், ஆஸ்பத்திரிக் கதவைச் சாத்த வேண்டியதுதான். மூடிவிட்டு இங்கே வந்துவிடு என்று நீயும் ஆறு மாதமாக நச்சரிக்கிறாய். சரி, அது தானாகவே நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு காலையில் மெயில் வந்தது. வாழ்த்துகள், முப்பத்தெட்டு மணி நேரம் முடித்துவிட்டீர்கள், இன்னும் இரண்டே மணி நேரம் என்று இருந்தது. எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. இது உன் வேலை என்று நினைத்து உடனே உன்னைக் கூப்பிட்டேன். போனோடு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “நானா? நான் எதுக்கும்மா உனக்காகப் படிக்கணும், நீ மூடிட்டு வந்தாப் போதும்னுதானே கத்திட்டிருக்கேன்” என்றாய். அதுவும் நியாயம்தான். நாய்க்கு மயக்க மருந்து கொடுப்பதைப் பற்றி உனக்கு என்ன தெரியும், நீ வங்கியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். சின்ன டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் எங்கெங்கோ தட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாமே நம்ம மேஜை கம்ப்யூட்டர்லேருந்துதான் மேடம். ஒவ்வொரு தடவையும் மத்தியானம் ரெண்டு மணிக்குத் திறந்திருக்கு, மூணரைக்கு மூடியிருக்கு” என்றாள். அந்த நேரத்தில் ஷட்டர் இறக்கியிருக்கும், அவள் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பாள், நான் மாடியில் படுத்திருப்பேன். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. அன்றைக்கு அவள் ஷட்டரின் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனாள்.

அப்புறம் மதிப்பெண்களைப் பார்த்தேன். எழுபத்திரண்டு, எழுபத்தாறு, மறுபடியும் எழுபத்திரண்டு. எனக்கு எந்தக் காலத்திலும் தொண்ணூற்றாறுக்குக் கீழே வந்ததில்லை, இது பெருமைக்குச் சொல்வதில்லை, சரி, பெருமைக்குத்தான். தவறாகப் போன கேள்விகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். நாய் கல்லை விழுங்கியிருக்கிறது, முதலில் என்ன செய்வாய் என்று கேள்வி. எக்ஸ்ரே எடு என்பதுதான் அவர்களுடைய விடை. கையால் வயிற்றை அழுத்திப் பார் என்று விடை போட்டிருந்தது. சாப்பிடாத கிழட்டுப் பூனைக்கு ரத்தப் பரிசோதனை என்று போட வேண்டிய இடத்தில், இன்னொரு முறை எடை போட்டுப் பார் என்று இருந்தது. “கை எதுக்கு இருக்கு, தராசு எதுக்கு இருக்கு” என்று உங்கள் அப்பா சண்டை போடுவாரே, அதே இடங்கள், அதே தவறுகள். மத்தியானம் மாடிக்குப் போகாமல் அன்று முழுக்க வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன், அன்றைக்குக் கம்ப்யூட்டர் திறக்கவும் இல்லை.

இப்போது உனக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். முன் அறையில் அப்பாவின் பெயரில் வரிசையாக மாட்டியிருக்கும் சான்றிதழ்கள் எல்லாம் என்னுடையவை. மனுஷன் எவ்வளவு பெரிய எருமையின் வாய்க்குள்ளும் கையை விடுவார், கம்ப்யூட்டரைக் கண்டால் மட்டும் தொடமாட்டார். அவர் பெரிய நாற்காலியில் சாய்ந்து பாடத்தைத் திட்டிக்கொண்டே இருப்பார், நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து மௌஸைப் பிடித்துக்கொண்டு அவருடைய பெயரில் பரீட்சை எழுதுவேன். பாதி நாள் தூங்கிவிடுவார். அப்போதும் எல்லாவற்றுக்கும் சரியான விடை போட எனக்கு மனசாட்சி இடம் கொடுக்காது. அவர் எழுதியிருந்தால் எதில் தவறியிருப்பாரோ அதில் நானும் தவறுவேன். திருட்டிலும் ஒரு நேர்மை என்று எனக்குள் சொல்லிக்கொள்வேன். பதினொரு வருஷம் இப்படித்தான். ஆகவே அந்த விடைகளைப் பார்த்து அப்பா வந்துவிட்டார் என்று நான் ஆறுதல் அடையவும் வழியில்லை. அப்படித் தவறத் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர். ஒருவர் இல்லை.

ஆபரேஷன் முடிந்த பிராணிகளைக் கவனிக்கக் கூண்டுகளுக்கு மேலே ஒரு கேமரா வைத்திருக்கிறோம், சத்தம் பதியாது, படம் மட்டும்தான். அதை மேஜைப் பக்கம் திருப்பி வைத்தேன். சின்ன டாக்டரிடம் சொல்லவில்லை. மறுநாள் காலை அவள் வருவதற்கு முன்னால் ஓடவிட்டுப் பார்த்தேன். இரண்டு மணிக்கு நான் மாடிப்படி இறங்கி வருகிறேன். கண் திறந்துதான் இருக்கிறது. தலையைக்கூட வாரியிருக்கிறேன். பெரிய நாற்காலியை மேஜைக்கு நேராக இழுத்துப் போட்டுவிட்டு, நான் ஸ்டூலில் உட்கார்கிறேன். பாடம் ஓடுகிறது. நடுவில் பக்கவாட்டில் திரும்பி ஏதோ சொல்கிறேன், சிரிக்கிறேன். அந்தக் கட்டம் வந்து இருக்கிறீர்களா என்று கேட்டதும் நான் உடனே அமுக்கவில்லை. நாற்காலியைத் திரும்பிப் பார்க்கிறேன், காத்திருக்கிறேன், தலையை ஆட்டிவிட்டு அப்புறம்தான் அமுக்குகிறேன். ஒவ்வொரு தடவையும் அப்படியே. கால் உடைந்து வந்திருந்த கிழட்டு நாய் கூண்டுக்குள்ளிருந்து அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தது. நாய் எதை வேண்டுமானாலும் பார்க்கும், அதை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் இதில் ஒரு நிமிஷம்கூட எனக்கு நினைவில்லை. நான் மாடியில் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டது மட்டும்தான் நினைவிருக்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது, மறைக்கவில்லை. பேய்க்குப் பயப்படவில்லை, என் கைக்குப் பயப்படுகிறேன். இரண்டு மணிக்கு இல்லாமல் போகிறவள் பதினொரு மணிக்குக் கத்தியோடு நிற்கும்போதும் இல்லாமல் போனால் என்ன ஆகும்? எட்டு மாத நோயாளிப் புத்தகத்தை வரிவரியாகப் பார்த்தேன், எங்கேயும் தவறு இல்லை. அதற்காக நாளைக்கும் இருக்காது என்று எப்படிச் சொல்வது? கத்தியைச் சின்ன டாக்டரிடம் கொடுத்துவிட்டேன், முதுகு வலி என்று சாக்குச் சொல்லியிருக்கிறேன். வருகிற வியாழக்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். நாற்பது மணி நேரமும் இப்போது நிறைந்துவிட்டது. ‘மேற்கண்ட நேரம் முழுவதும் நானே இருந்து கற்றேன்’ என்று ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பதிவு பிழைத்துவிடும். போடவில்லை.

இன்னும் ஒன்று, இதற்காகத்தான் கடிதமே. அந்தக் கேமராப் படத்தில் இரண்டு நாற்பதுக்கு மேஜையில் இருக்கும் போன் அடிக்கிறது. நான் எடுத்துப் பேசுகிறேன். கொஞ்ச நேரம் பேசிவிட்டு ரிசீவரை அந்த நாற்காலியின் பக்கம் நீட்டுகிறேன், அப்பாவிடம் கொடுக்கிற மாதிரி. நீட்டிய கையை எடுக்காமல் நான்கு நிமிஷம் நிற்கிறேன். போனில் வந்த எண்களின் பட்டியலைப் பார்த்தேன். உன் எண், எவ்வளவு நேரம் பேசியது என்பதும் பக்கத்திலேயே இருந்தது. அந்த ஒரு நாள் மட்டும் இல்லை, நான்கு மாதத்தில் பத்தொன்பது தடவை, எல்லாம் மத்தியானம் இரண்டுக்கும் மூன்றரைக்கும் நடுவில். அந்த நேரத்தில் நான் மாடியில் தூங்குவேன் என்று தெரிந்த பெண் நீ. தெரியாமல் ஒரு தடவை கூப்பிட்டிருப்பாய், பத்தொன்பது தடவை யாரும் தெரியாமல் கூப்பிடுவதில்லை. ஒரு பக்கம் மூடிவிட்டு வா என்கிறாய், இன்னொரு பக்கம் அந்த நேரம் பார்த்துக் கூப்பிடுகிறாய். எனக்கு உன்மேல் கோபம் இல்லை கண்ணு, சத்தியமாக இல்லை. உன் இடத்தில் இருந்திருந்தால் நானும் கூப்பிட்டிருப்பேன். ஆனால் ஒன்று மட்டும் தெரிந்தாக வேண்டும். நான் நாற்காலியின் பக்கம் போனை நீட்டிக்கொண்டு நின்ற அந்த நான்கு நிமிஷமும் நீ போனை வைக்கவே இல்லை. அப்போது உன் காதில் என்ன விழுந்தது?

மூன்று பேரும் நூறு வருஷம் நோய் நொடியில்லாமல் இருங்கள். குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளையிடம் இதைக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். மறக்காமல் பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் சொல்லாதே, எடுப்பது யார் என்று எனக்குத் தெரியாது.

காலை ஒன்பதரை மணிக்கு, முழு நினைவோடு,
உன் அம்மா