பட்டில் விழுந்த தடம்

இன்று காலை காந்தி ரோட்டுக் கடையில், சந்தன நிறப் பட்டு சுற்றிய பலகை ஒன்றின் ஓரத்தில் உளுந்து அளவில் ஒரு பள்ளம் பார்த்தேன். ஆணி அடிக்கும் நெயில் கன்னின் மூக்கு அழுத்திய தடம். பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நம் தொழிலில் துணியில் தடம் விழுந்தால் நிம்மதிப்படுகிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். தடம் விழுந்திருக்கிறது என்றால் மூக்கு கட்டப்படவில்லை. உன் வீட்டுக்காரர் நேற்றுவரை என் பேச்சைக் கேட்டிருக்கிறார்.

அந்த மூக்கைப் பற்றி நாம் எத்தனை சண்டை போட்டிருக்கிறோம். மரத்தில் வைத்து அழுத்தினால்தான் அது உள்ளே போகும். அது உள்ளே போனால்தான் விசை வேலை செய்யும். காற்றில் பிடித்து அழுத்தினால் ஒன்றும் நடக்காது. கையில் இருப்பது ஆணி அடிக்கும் கருவியா, ஆளைக் குத்தும் கருவியா என்பதை அந்த அரை அங்குலம்தான் தீர்மானிக்கிறது.

கன் வாங்கிய புதிதில் என்னைவிட நீதான் பயந்தாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து உன்னைத் தெரியும். எதற்கும் அஞ்சாதவள் நீ. அந்தக் கன்னை மட்டும் முதல் ஒரு மாதம் கைக்குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு திரிந்தாய். நடக்கும்போது விரலை விசையில் வைக்க மாட்டாய். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் யாரையும் பக்கத்தில் விட மாட்டாய். பலகையைப் பிடித்திருக்கும் என் கையை ஒரு சாண் தள்ளி வைத்த பிறகுதான் அடிப்பாய். ஆணி சிக்கிக்கொண்டால், பேட்டரியைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டுத்தான் முன்பக்கத்தைத் திறப்பாய்.

"இத்த வச்சிக்கினு இரு. நானே கேட்டாலும் குடுக்காத" என்பாய்.

ஐயம்பேட்டையில் நம் கொட்டகைக்கு வந்த பிளைவுட் கடைக்காரர், அறுவை சிகிச்சை நடக்கிறதா என்று கேட்டுச் சிரித்தார். ஆமாம், நீங்களும் வந்து படுங்கள் என்றாய். அதற்குப் பிறகு அவர் சரக்கை வாசலிலேயே இறக்கிவிட்டுப் போவார்.

உன்னை மாற்றியது அவசரமோ அலட்சியமோ இல்லை. பட்டு. தறிக்கார வீட்டில் பிறந்தவள் நீ. நூலில் ஒரு பிசிறு தெரிந்தாலும் உனக்குச் சோறு இறங்காது. கடைகளின் கண்ணாடிக் காட்சிக்குப் பலகை செய்யத் தொடங்கியபோது, சாதாரணத் துணி போதும் என்று நான் சொன்னேன். பட்டுக் கடையில் பாலியஸ்டர் சுற்றினால் ஊரே சிரிக்கும் என்று அசல் பட்டையே சுற்றினாய். மூக்கை அழுத்தும் இடமெல்லாம் தடம் விழுந்தது. முனைக்கு மாட்டும் ரப்பர் தொப்பியை மாட்டிப் பார்த்தோம். வெளிர் நிறத்தில் கறுப்புத் தீற்றல் விழுந்தது. அன்று முழுக்க என்னோடு நீ பேசவில்லை, ரப்பரை நான்தான் கண்டுபிடித்தேன் என்பதுபோல.

மறுநாள் வந்து பார்த்தபோது மூக்கைப் பின்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தாய். பட்டு நூல்தான். தறியில் அறுந்த பாவு இழையை இணைக்கப் போடும் முடிச்சு. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு வரும். இழுக்க இழுக்க இறுகும்.

அவிழ்த்துவிடு, இனி காற்றில்கூட ஆணி பாயும் என்றேன். நீ பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாய், தடமே இல்லாமல் வழுவழுப்பாக இருந்தது.

"தோலு ஆறிடும்டி. பட்டு ஆறாது."

கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன். நீ திரும்பக் கட்டினாய். மறுநாளும் அறுத்தேன். இப்படியே போய், அது நமக்குள் ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. நீ முடிச்சுப் போடும்போதே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பாய்.

ஆடியில் ஆவணி முகூர்த்தக் காட்சிக்கு வேலை நடந்துகொண்டிருந்தது. நீ ஏணியில் இருந்தாய், நான் கீழே பலகைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இறங்கும்போது உன் கையில் மூக்கு கட்டிய கன் இருந்தது. விரல் விசையில் இருந்தது. கடைசிப் படியிலிருந்து தரையில் கால் வைக்கும்போது, கீழே கிடந்த துணிச் சுருள் வழுக்கிவிட்டது. கன் தொடையில் இடித்தது. வழக்கமான அதே சத்தம்தான், மரத்தில் இறங்கும்போது கேட்பது. அதனால் நான் திரும்பக்கூட இல்லை. நீ சிரித்ததைக் கேட்டுத்தான் திரும்பினேன்.

ஆணி பாதி வெளியே நின்றது. சுடிதாரில் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை. தொடாதே, அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று நான் ஓடி வருவதற்குள் கட்டிங் பிளேயரால் நீயே பிடுங்கிவிட்டாய்.

"இன்னாடி மூஞ்சி இப்டி ஆயிடுச்சி உனுக்கு? முள்ளு மாதிரிதான்."

நீ என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். பிறகு ரத்தம் வந்தது. என் துப்பட்டாவை வைத்து முழு பலத்தோடு அழுத்தினேன். ஆட்டோவில் ஏற்றினோம். ஆடிக் கிருத்திகை நாள், தெருவெல்லாம் காவடி. ஆட்டோக்காரர் சுற்றிக்கொண்டு போனார். ஆணி உள்ளேயே இருந்திருந்தால் அதுவே அடைப்பாக நின்றிருக்கும், நேரம் கிடைத்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

கன்னைக் கொண்டுபோய்ப் பாலாற்றில் எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். உன் வீட்டுக்காரர் விடவில்லை. அவள் கை பட்டது என்றார். ஆயுத பூஜைக்கு அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, உன் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். உங்கள் வீட்டில் யாருக்கும் அதன்மேல் கோபம் இல்லை. ஜாதகம் பார்த்திருந்தார்கள். ஏதோ திசை முடிகிற நேரமாம், வீட்டில் இருந்திருந்தாலும் போயிருப்பாயாம். நான் முடிச்சைப் பற்றிச் சொன்னேன். எல்லாரும் பொறுமையாகக் கேட்டார்கள். உன் மாமியார் எனக்குக் காபி கொடுத்தார்.

பிறகு, தறியை விட்டுவிட்டு அவரே வேலைக்கு வந்தார். உன் மகள் நர்சிங் கடைசி வருடம் படிக்கிறாள், அவளுக்கு இனி அவர் மட்டும்தான். கன்னைத் தொடும் முன்பு அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன், மூக்கைக் கட்ட மாட்டேன் என்று. செய்தார். வாரம் ஒருமுறை அவள் போன் செய்து, "அப்பாவப் பாத்துக்கோங்க ஆன்ட்டி" என்கிறாள். பார்த்துக்கொள்கிறேன் என்கிறேன்.

இன்று பதினொரு மணிக்குக் கடை மேனேஜர் வந்து அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டார். அக்கா இருந்தபோது இப்படி வந்ததே இல்லையே என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உன் வீட்டுக்காரர் தலை குனிந்துகொண்டார். மேனேஜர் போனதும் பலகையின் பின்பக்கத்திலிருந்து ஒரு பட்டு இழையை உருவினார். என் கண் முன்னாலேயே மூக்கைக் கட்டினார். உன் விரல்கள் போகிற அதே போக்கு.

"அண்ணா, சத்தியம் பண்ணீங்க" என்றேன்.

"பண்ணேன்மா. அவ பேரு கெடுதே, இன்னா பண்றது?"

வேறு துணி சுற்றலாம் என்றேன். கையாலேயே அடிக்கலாம், சுத்தியல் போதும் என்றேன். உங்கள் மகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை. என் தோளைத் தட்டிவிட்டு, நேரம் வந்தால் சுத்தியலாலும் சாவு வரும் என்றார். கத்தரிக்கோலை எடுத்து அறுத்தேன். இன்னொரு இழையை உருவினார். இந்த முறை அறுக்க எனக்குக் கை எழவில்லை. உன்னிடம் எத்தனை முறை அறுத்தேன், எதற்கு உதவியது என்ற நினைப்பு வந்துவிட்டது. இறங்கும்போதாவது பேட்டரியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள் என்றேன். சரி சரி என்றார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே ஆணி இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது.

பேட்டரியோடுதான் இறங்கினார். விரல் விசையில்தான் இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

தரையில் கால் வைத்ததும் என்னைப் பார்த்து, பார்த்தாயா என்பதுபோலச் சிரித்தார். எனக்கு நம்பிக்கை போனது அந்தச் சிரிப்பில்தான். பத்திரமாக இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்த முடிச்சு சரி என்றே அவருக்குத் தோன்றும். நீயும் எத்தனையோ நாள் அப்படித்தான் பத்திரமாக இறங்கினாய்.

உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பயம் மட்டும். அதை உன் வீட்டுக்காரருக்குக் கொடுக்க முடியவில்லை, உன் மகளிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளை இன்னொரு கடை, இதைவிட உயரமான கூரை. அவருக்கு முன்பே போய் ஏணிக்குக் கீழே கிடக்கும் துணிச் சுருள்களை எடுத்து ஓரமாகப் போடுவேன். அதற்கு மட்டும்தான் யாரும் தடை சொல்வதில்லை.